தபால் கேப்டன்

என் தம்பி மகள் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வார்டு இன்சார்ஜாக இருக்கிறாள். அவள் வார்டில் ஒரு சட்டம் உண்டு. டியூட்டி முடிந்து போகிற நர்ஸ், டியூட்டிக்கு வருகிற நர்ஸோடு ஒவ்வொரு கட்டில் பக்கத்திலும் நின்று, முகத்தைப் பார்த்து, வாயால் சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும். இவருக்கு ஊசி போட்டாயிற்று, அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை, அந்த மூலைக் கட்டில்காரர் மாத்திரையைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு முழுங்கிவிட்டேன் என்பார், ஏமாந்துவிடாதே. இப்படி.

யாராவது பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவசரமாக, "அக்கா, அவ வந்தா நீங்களே சொல்லிடுங்களேன்" என்றால் தொலைந்தாள்.

"அவ அதோ கை கழுவிட்டு நிக்கிறா. உனக்கு வாய் இருக்கு, அவளுக்குக் காது இருக்கு. நடுவுல நான் எதுக்கு?"

நர்ஸ்களிடம் மட்டும்தான் இந்தச் சட்டம் என்று நினைக்காதீர்கள். ஒருமுறை ஒரு பெரிய டாக்டர் இன்னொரு டாக்டர் மேல் முறுக்கிக்கொண்டு, "அவர்கிட்ட இதைச் சொல்லிடுங்க சிஸ்டர்" என்றாராம். இவள் மேஜை மேலிருந்த போனை எடுத்து, அந்த டாக்டரின் நம்பரை அழுத்தி, மணி அடிக்கிற போனைப் பெரிய டாக்டர் கையில் கொடுத்துவிட்டு, தன் பாட்டுக்கு ரவுண்டு கிளம்பிவிட்டாள். அவர் என்ன செய்வார்? பேசினார்.

"உங்க மருமக ரொம்பக் கறாருங்க" என்று அங்கே வேலை பார்க்கிற எங்கள் எதிர்வீட்டுப் பெண் என்னிடம் சொல்வாள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியாது. எங்கள் உறவிலேயே அடுத்தவர் பேச்சை அதிகமாகச் சுமந்த ஆள் யார் என்று கேட்டால், நான் இவளைத்தான் கை காட்டுவேன். சின்ன வயதில் இவளுக்குப் பெயரே தபால்தான்.

உறவைச் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் கதை பிடிபடும். என் தம்பிக்கு ரொட்டிக் கடையில் அடுப்பு வேலை. அவன் பெண்டாட்டிக்குக் கூடப்பிறந்தவர்கள் இரண்டு பேர். மேலே ஒரு அண்ணன், கீழே ஒரு தம்பி, நடுவில் அவள். அந்த அண்ணனும் தம்பியும், அதாவது நம் தபாலுக்குப் பெரிய மாமாவும் சின்ன மாமாவும், கடைத்தெருவில் ஒரு சைக்கிள் கடையைச் சேர்ந்தே நடத்தி வந்தார்கள். ஒரே டம்ளரில் டீ வாங்கி ஆளுக்குப் பாதி குடித்தவர்கள். அப்படி இருந்தவர்கள்.

பெரிய மாமாவின் மூத்த பெண் கல்யாணத்தில்தான் வினை வந்தது. குடும்பத்தோடு படம் எடுக்கிற நேரம் பார்த்துச் சின்ன மாமா வீட்டார் பந்தியில் உட்கார்ந்திருந்தார்கள். படம் எடுக்கிறவருக்கு அடுத்த கல்யாணத்துக்கு ஓட வேண்டிய அவசரம். எடுத்துவிட்டார்கள். சின்ன மாமா கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தால் மேடை காலி. "ஓ, நாங்க இல்லாமத்தான் உங்க குடும்பமா? நல்லா இருங்க" என்று சொல்லிவிட்டு, பெண்டாட்டி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். பெரிய மாமா சமாதானம் செய்திருக்கலாம். செய்யாமல், அந்தப் படத்துக்குக் கண்ணாடி போட்டுக் கொண்டுவந்து கடையிலேயே மாட்டினார். மறுநாள் சின்ன மாமா பலகைகளைத் தூக்கிவந்து கடையை நடுவாக அடைத்துவிட்டார்.

அடைத்தவர் கோபத்தில் யோசிக்கவில்லை. பஞ்சர் பார்க்கிற தண்ணீர்த் தொட்டி பெரிய மாமா பக்கம் மாட்டிக்கொண்டது. காற்றடிக்கிற மிஷின் சின்ன மாமா பக்கம். டியூபைத் தண்ணீரில் அமுக்கி ஓட்டை கண்டுபிடிக்க இந்தப் பக்கம், ஒட்டிய பிறகு காற்றடிக்க அந்தப் பக்கம். வண்டிக்காரர்கள் சக்கரத்தைக் குழந்தை மாதிரி இடுப்பில் வைத்துக்கொண்டு இரண்டு கடைக்கும் அலைந்தார்கள். "பலகையில ஒரு ஓட்டை போடுங்கப்பா, டியூபை அப்படியே உள்ள விட்டுக்கலாம்" என்று சொன்ன பால்காரர் இரண்டு பேரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டார். அந்த ஒரு விஷயத்தில் அண்ணனும் தம்பியும் ஒற்றுமை.

இந்த நேரத்தில்தான் தபால் வேலைக்கு வந்தாள். ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடம் விட்டு அந்த வழியாகத்தான் வீட்டுக்கு வர வேண்டும். இரண்டு பேருக்கும் அக்காவோ தங்கையோ பெற்ற பெண், இரண்டு பக்கமும் போகலாம்.

"இந்தா பொண்ணு, அந்தத் தடியனை இந்த டியூபுக்குக் காத்தடிச்சுத் தொலைக்கச் சொல்லு" என்பார் பெரிய மாமா.

இவள் பலகையைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போவதற்குள் அந்த வார்த்தை குளித்துத் தலை சீவிப் பொட்டு வைத்துக்கொண்டிருக்கும். "சின்ன மாமா, இதுக்குக் கொஞ்சம் காத்தடிச்சுத் தருவீங்களான்னு பெரிய மாமா கேட்டாரு."

"ஏன், அவருக்குக் கையில சுளுக்கா? வாயால ஊதிக்கச் சொல்லு."

திரும்பி வந்து, "கையில வேலை இருக்காம் மாமா, முடிச்சுட்டு அடிச்சுத் தர்றாராம்."

கடையில் மட்டுமில்லை. இரண்டு மாமிகளும் அடுத்தடுத்த வீடு. அரைக்கிற மிஷினை இரவல் கேட்பதிலிருந்து துணி காயப்போடுகிற கொடி வரை இவள்தான் நடுவில் ஓடினாள். இவள் அம்மா, என் தம்பி பெண்டாட்டி, "என் பிள்ளை இல்லேன்னா என் பொறந்த வீடு ரெண்டாயிருக்கும்" என்று பெருமையாகச் சொல்வாள். ஏற்கனவே இரண்டாகத்தான் இருந்தது. அதை யார் அவளிடம் சொல்வது?

இந்தப் பெண்ணுக்கு ஒரு நாளில் ஒரு நேரம்தான் சொந்தம். விடிந்தும் விடியாமலும் பள்ளிக்கூட மைதானத்தில் ஓடுகிற நேரம். பெண்பிள்ளைகளுக்கென்று அந்த ஒரு மணி நேரத்தைப் பி.டி. டீச்சர் போராடி வாங்கி வைத்திருந்தார். "அப்போ மட்டும்தான் அத்தை, என் தலைக்குள்ள யாரோட பேச்சும் இருக்காது" என்று என்னிடம் சொல்லியிருக்கிறாள். அந்த நேரத்துக்கும் ஆபத்து வந்தது. பந்து விளையாடுகிற பையன்கள் அதைத் தங்களுக்குக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். ஹெட்மிஸ்ட்ரஸ் ஒருநாள் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: "வரப்போற பெரிய போட்டியில ரிலேயில முதல் மூணு இடத்துக்குள்ள வாங்க. நேரம் உங்களோடது. இல்லேன்னா பசங்களுக்குக் குடுத்துடுவேன். அப்புறம் என்கிட்ட வந்து அழக்கூடாது."

ரிலே என்றால் நாலு பேர் ஓட்டம். மைதானத்தை ஒரு சுற்று, ஆளுக்குக் கால் பங்கு. கையில் ஒரு கட்டை. முதல் ஆள் ஓடி வந்து இரண்டாவது ஆளிடம் கட்டையைக் கொடுக்க வேண்டும், அவள் மூன்றாவது ஆளிடம். கொடுப்பதும் வாங்குவதும் தரையில் போட்டிருக்கிற இரண்டு வெள்ளைக் கோடுகளுக்குள் நடக்க வேண்டும். கோட்டைத் தாண்டினால் ஆட்டம் போச்சு.

நாலு பேர் யார் என்று கேளுங்கள். பெரிய மாமாவின் இரண்டாவது பெண் ஒட்டகம். அவ்வளவு உயரம். சின்ன மாமாவின் பெண் சுண்டெலி. குட்டையாக இருப்பாள், கிளம்பினால் கண்ணுக்குத் தெரிய மாட்டாள். கடைசியாக ஓடுகிறவள் தையல்காரர் மகள் சைரன். அவள் வாயைத் திறந்தால் தெரு முழுக்க ஜன்னல் திறக்கும். நாலாவது நம் தபால். அவள்தான் கேப்டன். வேகத்துக்காக அவளைக் கேப்டன் ஆக்கவில்லை. மற்ற மூன்று பேரும் பேசுகிற ஒரே ஆள் அவள்தான், அதற்காக.

ஒட்டகமும் சுண்டெலியும் பேசுவதில்லை. ஒட்டகம் எட்டு மாதம் மூத்தவள், அவளை அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டே பின்னால் திரிந்தவள் சுண்டெலி. கடைக்குப் பலகை வந்த நாளிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அப்பாக்களின் சண்டையைப் பிள்ளைகள் அப்பாக்களைவிட ஒழுங்காக நடத்தினார்கள்.

கேப்டன் என்ன செய்தாள்? பழகின தொழிலையே செய்தாள். முதலில் சுண்டெலி, மூன்றாவதாக ஒட்டகம், நடுவில் தான். சுண்டெலியிடம் வாங்கி ஒட்டகத்திடம் கொடுத்துவிடுவாள். இரண்டு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கவே வேண்டாம். என்ன மூளை என்று அவளுக்கே அவள் மேல் பெருமை.

அக்கம்பக்கத்துப் பள்ளிக்கூடங்களோடு நடந்த முதல் போட்டியில் தட்டுத்தடுமாறித் தேறினார்கள். அன்றைக்குக் குழாயடியில் முகம் கழுவும்போது சைரன் கேட்டாள்.

"ஒண்ணு கேப்பேன், கோவிச்சுக்கக் கூடாது."

"கோவம் வர்ற மாதிரி இருந்தா கேக்காதே."

"அப்போ கேட்டே ஆகணும். நேர்ப்பாதையில நீ ஏன்டி ஓடுற? அங்கதான் வேகமா ஓடணும். சுண்டெலி சேர்த்துவெச்சுக் குடுக்கறதையெல்லாம் நீ ஓடி ஓடிக் கரைச்சுடுற."

"நான் மெதுவா ஓடுறேங்கிறியா?"

"சேச்சே. நீ கட்டையை வாங்கினதும் நான் போய்த் தண்ணி குடிச்சுட்டு வந்து நிக்கலாம், அவ்வளவுதான்."

தபாலுக்கு மூஞ்சி சுண்டிவிட்டது. "அவங்க ரெண்டு பேரும் நேருக்கு நேர் கைமாத்த மாட்டாங்கடி. உனக்குத் தெரியாது."

"மாத்த விட்டுப் பார்த்தியா?"

"...இல்ல."

"பின்ன எப்படித் தெரியும்?"

பி.டி. டீச்சரும் மறுநாள் அதையே வேறு மாதிரி கேட்டார். "வரிசையை நீதான் போடணும். கேப்டன் நீ. ஆனா இந்த வரிசையில மூணாவது இடம் வராது. யோசிச்சுக்கோ."

இவள் யோசித்து வரிசையை மாற்றினாள். முதலில் தான். தன் வேகத்துக்கு வளைவுதான் லாயக்கு. அடுத்து நேர்ப்பாதையில் சுண்டெலி. அவளிடமிருந்து ஒட்டகம் நேராக வாங்க வேண்டும். கடைசியில் சைரன்.

பிறகு நடந்ததுதான் கூத்து. பின்னால் வருகிறவள் பக்கத்தில் வந்ததும் "கை!" என்று கத்துவாள். அந்தச் சத்தத்தைக் கேட்டு முன்னால் ஓடுகிறவள் திரும்பிப் பார்க்காமலே கையைப் பின்னால் நீட்டுவாள். இதுதான் முறை. சுண்டெலி கத்த மாட்டேன் என்றாள். கத்தினால் பேசின மாதிரி ஆகிவிடுமாம். கத்தாததால் ஒட்டகம் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். பார்க்கிறவள் எப்படி ஓடுவாள்? பஸ் வருகிறதா என்று பார்க்கிறவள் மாதிரி நின்றாள்.

"தபாலு, அவளைக் கத்தச் சொல்லு" என்று ஒட்டகம் அங்கிருந்து.

"அவளைத் திரும்பாம ஓடச் சொல்லு" என்று சுண்டெலி இங்கிருந்து.

இரண்டு பேருக்கும் நடுவே இவள் மைதானத்தில் ஓடின ஓட்டம் இருக்கிறதே, அந்த வாரம் முழுக்க மற்ற மூன்று பேரும் சேர்ந்து ஓடினதைவிட அதிகம். கடைசியில் அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தாள். தன் பங்கை ஓடி முடித்ததும் மைதானத்துக்குக் குறுக்கே கொஞ்ச தூரம் ஓடிவந்து, சுண்டெலி ஒட்டகத்தை நெருங்குகிற நேரம் பார்த்து, தானே "கை!" என்று கத்திவிடுவாள். ஒட்டகம் கையை நீட்டுவாள். கட்டை போய்ச் சேரும். சத்தத்தைக்கூடச் சுமந்துகொண்டு போய்க் கொடுத்தாள் பாருங்கள்! பி.டி. டீச்சர் தலையில் கை வைத்துக்கொண்டு பார்த்தார்.

பெரிய போட்டி வந்தது. நானும் என் தம்பி பெண்டாட்டியும் பள்ளிக்கூட பஸ்ஸிலேயே போனோம். இரண்டு மாமாக்களும் தனித்தனி சைக்கிளில் வந்து, உட்காருகிற படிக்கட்டில் ஒருத்தர் அந்தக் கோடி, ஒருத்தர் இந்தக் கோடி. இரண்டு பேர் வண்டியும் மட்டும் ஸ்டாண்டில் பக்கத்தில் பக்கத்தில் நின்றது.

இவள் ஒன்றை யோசிக்கவே இல்லை. பெரிய மைதானத்தில் ஓடுகிறவர்களைத் தவிர யாரும் குறுக்கே வரக்கூடாது, அவரவர் இடத்தைவிட்டு நகரக்கூடாது. சுற்றிலும் கூட்டம் போடுகிற சத்தத்தில் பக்கத்தில் இருப்பவள் சொல்வதே காதில் விழாது. காலையில் முதல் ஓட்டம். இவள் கட்டையைச் சுண்டெலியிடம் கொடுத்துவிட்டு அங்கேயே நின்று, "கை! கை!" என்று தொண்டை கிழியக் கத்தியது யாருக்கும் கேட்கவில்லை. சுண்டெலி வாயை இறுக மூடிக்கொண்டு வந்தாள். ஒட்டகம் திரும்பிப் பார்த்து, நின்று, இரண்டு கையாலும் கட்டையை வாங்கிக்கொண்டு போனாள். இறுதி ஓட்டத்துக்குத் தேறியவர்களில் இவர்கள்தான் கடைசி. சைரன் பல்லைக் கடித்துக்கொண்டு ஓடியதால் அதுவும்.

மதியம் எல்லோரும் ஒரு மரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். ஆரஞ்சுப் பழம் உரித்துக் கொடுக்க நானும் பக்கத்தில்தான் இருந்தேன். ஒட்டகமும் சுண்டெலியும் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

பி.டி. டீச்சர் வந்து குனிந்து கேப்டனிடம் மெதுவாகக் கேட்டார். "பழைய வரிசைக்கே போயிடலாமாம்மா? ஜெயிக்க மாட்டோம். ஆனா கட்டை பத்திரமாப் போய்ச் சேரும். மானம் போகாது."

இவள் ஒரு சுளையை வாயில் போட்டு மென்றுகொண்டே இருந்தாள். முழுங்கவில்லை. "கொஞ்ச நேரம் குடுங்க டீச்சர்" என்றாள். டீச்சர் போனார்.

போனதுதான் தாமதம், ஒட்டகம் ஆரம்பித்தாள். "தபாலு, அவளை வாயைத் திறக்கச் சொல்லு. ஊமை மாதிரி வந்தா எனக்கு எப்படித் தெரியும்?"

"நின்னு வேடிக்கை பார்க்கறதுக்கு எதுக்கு ஓட வந்தாளாம், கேளு" என்றாள் சுண்டெலி.

வழக்கம் போல இவள் வாய் திறந்தது. அந்த வார்த்தையைக் குளிப்பாட்டத் தயாரானது எனக்கே தெரிந்தது. திறந்த வாயை மூடிக்கொண்டாள். பழத்தை முழுங்கினாள்.

"நான் சொல்ல மாட்டேன்."

"என்னடி?"

"இனிமே நான் சொல்ல மாட்டேன். அவ இதோ இருக்கா. வேணும்னா நீயே சொல்லு. வேண்டாம்னா ரெண்டு பேரும் பேசாமலே ஓடுங்க."

"இவ்வளவு நாள் சொன்னே?"

"சொன்னேன். எல்லாம் பொய்." எழுந்து நின்றுவிட்டாள். "நீ நல்லா ஓடுறேன்னு சுண்டெலி சொன்னதா உன்கிட்ட சொன்னேனே, அவ அப்படிச் சொல்லலை. ரெண்டு ஏணிக்கு மேல பாவாடை கட்டின மாதிரி இருக்கு, எட்டு வெச்சாப் போதும், இதுல என்ன திறமைன்னா."

ஒட்டகத்தின் முதுகு நிமிர்ந்தது.

"சுண்டெலி, உன்கிட்டயும் பொய்தான். உன் வேகம் யாருக்கும் வராதுன்னு இவ சொல்லலை. பூனை துரத்தினா எந்த எலியும் ஓடும்னு சொன்னா. போதுமா? இதைத்தான் நான் தினமும் மாத்தி மாத்திச் சொல்லிட்டு இருந்தேன். எனக்கு முடியலை."

சைரனுக்கே வாய் அடைத்துப்போன நேரம் அது ஒன்றுதான். இரண்டு பேரும் சிவந்த முகத்தோடு உட்கார்ந்திருந்தார்கள், அப்போதும் ஒருத்தி பக்கம் ஒருத்தி திரும்பவில்லை. இவள் குழாயடிக்குப் போய் முகத்தைக் கழுவினாள். நான் பின்னாலேயே போனேன்.

"கெடுத்துட்டேன் அத்தை. இருந்ததும் போச்சு. காலையில ஓடுற நேரமும் போச்சு. எங்ககூட ஓட வர்ற கீழ்வகுப்புப் பிள்ளைங்க முகத்துல எப்படி முழிப்பேன்?"

எனக்கு ஓட்டத்தைப் பற்றி என்ன தெரியும்? "முகத்தைத் துடைம்மா" என்றேன்.

டீச்சர் வந்து, "என்ன வரிசை?" என்றார்.

"இதே வரிசைதான் டீச்சர்" என்றாள்.

இறுதி ஓட்டத்துக்கு எல்லோரும் எழுந்து நின்றார்கள். வெடிச்சத்தம் கேட்டது. தபால் வளைவில் நன்றாகவே ஓடினாள். கையில் ஒன்றும் சுமக்காதவள் மாதிரி, எனக்குக் கண் நிறைந்துவிட்டது. சுண்டெலி வாங்கினாள். கோபம் வேறு சேர்ந்துகொண்டதே, நேர்ப்பாதையில் இரண்டு பேரைத் தாண்டிவிட்டாள். என் தம்பி பெண்டாட்டி என் கையைப் பிடித்துக் கிள்ளிக்கொண்டிருந்தாள்.

அங்கே ஒட்டகம் ஒரு காரியம் செய்தாள். ஏணி என்று கேட்ட கோபமோ, திரும்பிப் பார்க்கக் கூடாது என்ற வைராக்கியமோ, சுண்டெலி வந்து சேருவதற்கு முன்பே கிளம்பிவிட்டாள். நேரே முன்னால் பார்த்துக்கொண்டு நீள நீளமாக எட்டு வைத்து ஓடுகிறாள். பின்னால் சுண்டெலி கட்டையை நீட்டிக்கொண்டு துரத்துகிறாள், எட்டவில்லை. அந்த இரண்டாவது வெள்ளைக் கோடு ஒட்டகத்தின் காலடிக்கு வந்துகொண்டே இருக்கிறது.

படிக்கட்டின் அந்தக் கோடியில் பெரிய மாமா எழுந்து, "விடாதே கண்ணு, விரட்டு, விரட்டு!" என்று தம்பி பெண்ணுக்காகக் கத்தினார். இந்தக் கோடியில் சின்ன மாமா, "கையை நீட்டும்மா! நின்னு கையை நீட்டு!" என்று அண்ணன் பெண்ணுக்காகத் தொண்டையைக் கிழித்துக்கொண்டார். இரண்டு பேர் குரலும் மைதானத்துக்குள் போகவில்லை.

போனது ஒரே குரல்தான். சுண்டெலி வாயைத் திறந்தாள்.

"ஏய்! ஏய் ஒட்டகம்! நில்லு! நில்லுடி! அக்கா... நில்லுக்கா!"

ஒட்டகம் கோட்டுக்கு முன்னால் சறுக்கிக்கொண்டு நின்றேவிட்டாள். கை பின்னால் வந்தது. சுண்டெலி வந்த வேகத்தில் கட்டையோடு அவள் முதுகில் போய் மோதினாள். மோதிய வேகத்தில் ஒட்டகம் கிளம்பினாள் பாருங்கள், யாரோ தள்ளிவிட்ட வண்டி மாதிரி. கொடி பிடித்திருந்தவர் குனிந்து கோட்டைப் பார்த்தார், கொடியைத் தூக்கவில்லை. அதற்குள் சுண்டெலி தாண்டியவர்கள் எல்லாம் இவர்களைத் தாண்டிப் போயிருந்தார்கள். வளைவில் ஒட்டகம் ஒருத்தியைப் பிடித்தாள். சைரன் கட்டையை வாங்கினதும் ஊளையிட ஆரம்பித்தவள், முடிகிறவரை நிறுத்தவில்லை. முன்னால் ஓடிய பெண் ஒருத்தி என்னவோ ஏதோ என்று பயந்து திரும்பிப் பார்த்தாள். அந்த ஒரு பார்வை போதுமானதாக இருந்தது.

மூன்றாவது இடம்.

ஹெட்மிஸ்ட்ரஸ் கைதட்டுவதா வேண்டாமா என்று யோசித்துவிட்டுத் தட்டினார். "நேரம் உங்களோடதுதான். ஆனா அந்தக் கடைசிப் பொண்ணு வாயை மட்டும் கொஞ்சம்..." என்று ஆரம்பித்தார். பி.டி. டீச்சர் காதில் விழாத மாதிரி தபாலைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார்.

அண்ணனும் தம்பியும் அன்றைக்கே கட்டிக்கொண்டு அழுதார்கள் என்று நான் சொன்னால் நீங்கள் நம்பக்கூடாது. சைக்கிளை எடுக்கப் போனார்கள், ஒருத்தர் வண்டியின் பெடல் இன்னொருத்தர் சக்கரத்தில் சிக்கியிருந்தது, பேசாமலே பிரித்துக்கொண்டு தனித்தனியாகப் போனார்கள். அவர்கள் பேசுவதற்கு இன்னும் ஒரு வருஷமும், ஒரு சைக்கிள் திருட்டும் தேவைப்பட்டது. அது வேறு கதை.

ஆனால் பஸ்ஸில் ஏறின நிமிஷத்திலிருந்து சண்டை ஆரம்பித்தது.

"எல்லார் முன்னாலயும் ஒட்டகம்ங்கிற! மைக்ல பேசறவர்கூடச் சிரிச்சாரு!"

"பின்ன என்னன்னு கூப்பிடறது? நான் பின்னால வர்றது தெரியாம ஊரைவிட்டே ஓடுற!"

"ஏணின்னு சொன்னவதானே நீ?"

"நீ பூனை எலின்னு சொல்லலை?"

"அது எப்பவோ சொன்னது!"

"இதுவும் எப்பவோ சொன்னதுதான்! உங்கப்பா மட்டும் அந்தப் படத்தை எடுத்து..."

"உங்கப்பா கையைக் கழுவ எவ்வளவு நேரம்? கல்யாணம் முடிஞ்சு பேரன் பொறக்கிற வரைக்கும் கழுவுவாரா?"

இவ்வளவு நாளும் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் வந்தது. டிரைவர் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே ஓட்டினார். என் தம்பி பெண்டாட்டி தடுக்க எழுந்தாள், நான் முந்தானையைப் பிடித்து உட்கார வைத்தேன். தபால் மட்டும் பொறுக்க முடியாமல் எழுந்து, இரண்டு சீட்டுக்கும் நடுவே போய் நின்றாள்.

"ஏய், அவ அந்த அர்த்தத்துல சொல்லலைடி. அவ என்ன சொல்ல வந்தான்னா..."

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அவள் பக்கம் திரும்பினார்கள்.

"நீ சும்மா இரு! நாங்க பேசிட்டு இருக்கோம்ல!"

சைரன் பின் சீட்டில் விழுந்து விழுந்து சிரித்தாள். கேப்டன் கொஞ்ச நேரம் அங்கேயே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாதவள் மாதிரி. பிறகு தள்ளாடித் தள்ளாடி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அத்தை, எனக்குத் தூக்கமா வருது."

"தூங்கு. என் மேல சாஞ்சுக்கோ."

பின்னால் சத்தம் கூடிக்கொண்டே போனது. நடுவில் எப்போதோ ஒரு சிரிப்பும் கேட்டது, அது ஒட்டகமா சுண்டெலியா தெரியவில்லை. இவள் தோளில் தலையைப் போட்டவள் அசையவில்லை. வீடு வந்து சேருகிறவரை அவளை யாரும் எதற்கும் எழுப்பவில்லை.